ஆனைக்கொம்பன் ஈ

ஆனைக்கொம்பன் ஈ, நெற்பயிரின் குருத்தைக் கதிர் விடாத வெற்றுக் குழலாக மாற்றிவிடும் சிறு பூச்சி. அறிவியல் பெயர் ஓர்சியோலியா ஒரைசே. கொப்புள ஈக்களின் குடும்பமான செசிடோமையிடேயைச் சேர்ந்தது. பார்வைக்குக் கொசு போல இருக்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், நீண்டு மெலிந்த கால்கள். பெண்ணின் வயிறு செம்மஞ்சள் நிறத்தில் பருத்திருக்கும். மனிதரைக் கடிக்காது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா, தென்சீனம் எனப் பருவமழையை நம்பி நெல் விளையும் நாடுகளில் பரவியிருக்கிறது. பழைய வட ஆர்க்காட்டிலிருந்து 1989-ல் பிரிந்த திருவண்ணாமலை மாவட்டமும் நெல் மாவட்டம்தான். கோயிலுக்கும் தீபத்துக்கும் பெயர்பெற்ற இந்த ஊரைச் சுற்றி ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், கலசப்பாக்கம் என்று ஏரியையும் கிணற்றையும் நம்பிய வயல்கள் கிடக்கின்றன. இங்குள்ள உழவர் அறிந்த ஆனைக்கொம்பனின் வரலாற்றைத்தான் இக்கட்டுரை சொல்கிறது.

பெயரிலிருந்து தொடங்குவது முறை, ஏனெனில் வரலாற்றின் பாதி அதில் இருக்கிறது. ஈ தாக்கிய தூரிலிருந்து இலைக்குப் பதிலாக ஒரு வெளிர்க்குழல் நீண்டு வரும். ஒரு சாணும் அதற்கு மேலும் வளரும். தந்தம் போல வெளுத்து, லேசாக மினுமினுத்து, நுனி நோக்கிக் கூம்பியிருக்கும். அதைப் பார்த்த கண் ஆனையின் கொம்பை நினைத்துக்கொண்டது. சில இடங்களில் இதையே வெங்காயத்தாள் என்பார்கள். உள்ளே வெறுமையாக, தொட்டால் அமுங்கும் தன்மைக்கு அதுவும் பொருத்தமான பெயர்தான். ஆங்கிலத்தில் வெள்ளித் தளிர் என்று பொருள்படும் பெயரும் உண்டு. மூன்று பெயருமே பயிரில் தெரிந்த மாற்றத்துக்கு இட்டவை, பூச்சிக்கு இட்டவை அல்ல. இரவில் பறந்து, சில நாளே வாழ்ந்து, பகலில் தூர்களுக்குள் ஒண்டியிருக்கும் ஈ யார் கண்ணிலும் படவில்லை. கொம்பு மட்டும் கண்ணில் பட்டது. அறிவியல் நூல்கள் பின்னாளில் பூச்சியைக் கண்டுபிடித்துத் தனிப் பெயர் சூட்டியபோதும் தமிழில் கொம்பின் பெயரே ஈயின் பெயராக நிலைத்தது. நெல்லின் பழைய ரகம் ஒன்றுக்கும் ஆனைக்கொம்பன் என்றே பெயர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். விதைக்கும் அதன் பகைக்கும் ஒரே பெயர் விழுந்திருப்பதால், பழைய ஏடுகளில் இச்சொல்லைக் காணும்போது எது குறிக்கப்படுகிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஒரு கொம்பைப் பிடுங்கிப் பார்த்தால் செய்தி விளங்கும். மெல்ல இழுத்தாலே தூரிலிருந்து கழன்று வந்துவிடும். குழலின் உச்சியில் இலை ஆக முடியாமல் போன ஒரு சிறு பச்சை நுனி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே குண்டூசி குத்தியது போல ஒரு துளை. பல கொம்புகளில் அந்தத் துளையில் ஒரு வெண்ணிறத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது கூட்டுப்புழுவின் சட்டை. ஈ அதைக் கழற்றிவிட்டுப் பறந்துவிட்டது. கொம்பை நகத்தால் நீளவாக்கில் கீறினால் உள்ளே எதுவும் இருக்காது. வயலில் பெரும்பாலும் நாம் காண்பது வேலை முடித்துவிட்டுப் போன ஈயின் வெற்று வீடுதான். உழவர்கள் இந்தப் பூச்சியிடம் தோற்பதற்கான காரணம் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது: கொம்பு தெரியும் நாளில் அந்தத் தூர் போய் இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும்.

அந்த வாரங்களில் நடப்பது இது. பெண் ஈ இலையடியிலும் இலையுறையை ஒட்டியும் முட்டையிடும். மொத்தம் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை. முட்டை நீண்டு மினுமினுப்பாக இருக்கும், பொரிக்கும் முன் செந்நிறமாகும். மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணில் படும் அளவுக்கு உருவமும் இல்லை. அது இலையில் படிந்த ஈரத்தின் மேல் வழுக்கியபடி, உறைக்கும் தண்டுக்கும் இடையே புகுந்து, வளர்முனை வரை இறங்கிவிடுகிறது. பனியோ தூறலோ இல்லாத நாளில் பல புழுக்கள் வழியிலேயே காய்ந்து சாகும். மேகமூட்டமும் விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் இந்தப் பூச்சிக்கு ஏன் வேண்டியிருக்கின்றன என்பதற்கு அதுவே விடை. வளர்முனையை அடைந்த புழு, தண்டுத்துளைப்பானைப் போலக் குடைந்து தின்பதில்லை. அதன் உமிழ்நீர் பட்டதும் பயிரின் திசு தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. கதிரைத் தாங்க வேண்டிய குருத்து அடங்கிப்போக, அதைச் சுற்றிய உறை மட்டும் புழுவை மூடிக்கொண்டு அறையாக வளர்கிறது. புழு இரண்டு வாரம் அந்த அறையில் வளரும். கூட்டுப்புழுப் பருவத்தில்தான் அறை திடீரென நீண்டு கொம்பாகி வெளியே தலைகாட்டும். கூட்டுப்புழு உடலிலுள்ள முட்களை ஊன்றி ஊன்றிக் குழலின் உச்சிக்கு ஏறி, துளையிட்டு, இரவில் ஈயாக வெளிவரும். முட்டையிலிருந்து ஈ வரை மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு பட்டத்துக்குள் பல தலைமுறை பெருகிவிட அது போதும்.

தாக்குதல் தூர்கட்டும் பருவத்தோடு முடிந்துவிடும். கதிர்க்குருத்து உருவாகத் தொடங்கிய தூரில் கொம்பு வராது. இளம் பயிரில் ஒரு தூர் போனால் பயிர் பக்கத்தில் வேறு தூர்களை விட்டு ஈடுகட்டப் பார்க்கும். அந்தப் புதுத் தூர்களும் அடுத்த தலைமுறை ஈக்கு இரையாகும். இப்படிப் புதர் போலக் கிளைத்துக் குட்டையாக நிற்கும் குத்துகளில் கொம்பு மட்டும் மிஞ்சிக் கதிர் இல்லாமல் போகும். நடுக்குருத்து காய்ந்து நிற்பதை ஆனைக்கொம்பன் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது தண்டுத்துளைப்பானின் வேலை. காய்ந்து பழுப்பாக இருந்தால் துளைப்பான். வெளுத்துக் குழலாக இருந்தால் ஈ. இரண்டுக்கும் மருத்துவம் வேறு என்பதால் இந்த வேறுபாட்டை வயலில் இறங்குமுன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

திருவண்ணாமலைப் பக்கம் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரியின் காய்ச்சலில் இந்த ஈ தலையெடுப்பது அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்கும் சம்பாவில்தான், அதுவும் ஏரி நிரம்பத் தாமதமாகிப் பிந்தி நட்ட சம்பாவில்தான், அதற்கு எல்லாம் ஒருங்கே கிடைக்கிறது: ஈரமான இலை, இளந்தூர், மூடிய வானம். பக்கத்து வயல் முன்னரே நட்டிருந்தால் அங்கே பெருகிய ஈ முழுவதும் பிந்தி நட்டவர் வயலில் இறங்கும். ஏரிப்பாசனத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் நடவு நாள் வேறுபடுவது பழைய வழக்கம். பூச்சியின் கணக்கில் கடைமடைக்காரருக்கே இழப்பு அதிகம். தண்ணீர்ப் பங்கீட்டின் ஏற்றத்தாழ்வு பூச்சியின் வழியாகவும் அவர் மேலேயே வந்து விழுகிறது என்பதை வேளாண் நூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இந்த ஈயைப் பற்றிய எழுத்துச் சான்று பீகாரில் தொடங்குகிறது. 1880-ல் முங்கேர் பகுதியில் நெல் இப்படிக் கெட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பூச்சியியலர் சார்லஸ் வேலன்டைன் ரைலி அதைக் குறிப்பிட்டு எழுதினார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் வுட்-மேசன் 1889-ல் செசிடோமையா ஒரைசே என்ற பெயரில் இதை விவரித்தார். இன்றும் அறிவியல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவர் பெயர் வருவது அதனால்தான். சென்னை மாகாணத்தில் இந்தப் பூச்சியைத் தமிழ்ப் பெயரோடு அறிவியல் ஏட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் முதன்மையானவர். 1940-ல் வெளிவந்த அவருடைய தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு ஒரு தலைமுறை வேளாண் அலுவலர்களுக்குத் துணையாக இருந்தது.

வகைப்பாட்டில் தமிழர் ஒருவரின் பங்கு இதைவிடப் பெரிது. தஞ்சாவூரில் 1908-ல் பிறந்த எம். எஸ். மணி, 1934 முதல் இந்தியக் கொப்புள ஈக்களைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். நெல்லின் ஈ அப்போது பாக்கிடிப்ளோசிஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. அக்கால ஆய்வேடுகள் பலவற்றில் வுட்-மேசனின் பெயருக்கு அடுத்து மணியின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஆக்ராவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் பள்ளியை வளர்த்து, இமயத்தின் பனிக்கோட்டு உயரத்துப் பூச்சிகளைத் தேடி மலையேறி, 1964-ல் தாவரக் கொப்புளங்களின் சூழலியலைப் பற்றி உலகம் மதிக்கும் நூலொன்றை எழுதியவர் அவர். 2003-ல் மறைந்தார். தமிழ்ப் பாடநூல்களில் அவர் பெயர் இல்லாதது பெரிய குறை. அவருக்குப் பின் கொப்புளப் பூச்சி ஆய்வைச் சென்னை லயோலா கல்லூரியில் வேரூன்றச் செய்தவர் டி. என். அனந்தகிருஷ்ணன், அவருடைய களம் ஈ அல்ல, இலைப்பேன்.

கொப்புளம் என்ற நிகழ்வு திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிதல்ல. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நிழலுக்கு நிற்கும் புங்க மரத்தின் இலையைத் திருப்பிப் பாருங்கள். விரல் விரலாகப் பச்சைத் துருத்தல்கள் இருக்கும். அவை சிலந்திப்பேன் இனத்துச் சிற்றுயிரின் வேலை. மாவிலையில் அம்மை வார்த்தது போல எழும்பும் பருக்கள் நெல்லின் ஈக்கு உறவான இன்னொரு கொப்புள ஈ செய்பவை. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் காயே அல்ல, கருவாலி மரத்தில் குளவி எழுப்பிய கொப்புளம். கற்கடகசிங்கி அசுவினி எழுப்பியது. கடுக்காய் மரத்தின் கொப்புளம் கடுக்காய்ப்பூ என்ற பெயரில் மருந்தாகிறது. பயிரைத் தின்னும் ஒன்றை நோயென்றும் மரத்தில் வரும் இன்னொன்றை மருந்தென்றும் வகைப்படுத்தியிருக்கிறோம். இரண்டிலும் செடி செய்திருப்பது ஒரே வேலை, தன் உடலைக் கொண்டே வேற்றுயிருக்கு வீடு கட்டித் தந்தது.

கொப்புள ஈக் குடும்பத்தில் பெயர் பெற்றவை மட்டும் 6,600-க்கு மேல். அவற்றுள் மிகத் துல்லியமாக ஆராயப்பட்ட ஒரு கூட்டம் வட அமெரிக்காவின் ஹிக்கரி மரத்தில் வாழ்கிறது. அக்ரூட் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரம் நம்மூரில் வளர்வதில்லை. அதன் இலைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கேரியோமையா இன ஈக்கள் கொப்புளம் எழுப்புகின்றன. ஒன்று உருண்டை, ஒன்று கூம்பு, ஒன்று பூண்டுப்பல் போல, ஒன்று முள் போல. கொப்புளத்தின் வடிவத்தைப் பார்த்தே எந்த ஈ என்று சொல்லிவிடலாம். ரேமண்ட் கான்யே 2008-ல் அவற்றுக்கு முழுநூலே எழுதினார். அதே கான்யேதான் கீத் ஹாரிசுடன் சேர்ந்து 1982-ல், ஆப்பிரிக்க நெல்லில் கொம்பு எழுப்பும் ஈ நம்முடையது அல்ல, தனி இனம் என்று நிறுவி ஓர்சியோலியா ஒரைசிவோரா என்று பெயரிட்டார். அதுவரை இரண்டும் ஒன்றென்றே எண்ணப்பட்டது, ஏனெனில் கொம்பில் வேறுபாடு இல்லை. ஹிக்கரியில் வடிவம் பூச்சியைக் காட்டிக்கொடுக்கிறது. நெல்லில் எந்த ஈ புகுந்தாலும் வருவது அதே வெள்ளைக் குழல்.

இந்த மறைப்பு எவ்வளவு ஆழமானது என்பது பசுமைப் புரட்சிக்குப் பிறகுதான் புரிந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8 வந்தது. குட்டை ரகம், நிறையத் தூர், நிறைய யூரியா. ஈக்கு எதிர்ப்பு எதுவும் அதற்கு இல்லை. அங்கங்கே ஒரு பருவத் தொல்லையாக இருந்த பூச்சி, ஒரே ரகம் பரந்த பரப்பில் நின்றபோது பெரும் பூச்சியானது. இதைப் பூச்சியின் குற்றமாகச் சொல்வது சரியல்ல. அதற்குத் தட்டில் வைத்துப் படைத்தவர்கள் நாம்.

விடை பழைய ரகங்களில் இருந்தது. ஆந்திரத்தின் ஈஸ்வரகொரா, தாய்லாந்திலிருந்து வந்த சயாம் 29, கேரளத்துப் பட்டாம்பி நிலையத்தின் பி.டி.பி. 18, 21 ஆகியவற்றில் புழு இறங்கினாலும் வளர முடியாது. ஈஸ்வரகொராவை எம்.டி.யூ. 15-உடன் சேர்த்து வாரங்கல்லில் உருவான டபிள்யூ 1263, சயாம் 29-இன் வழியில் வந்த பல்குணா, தமிழகத்தில் மதுரை 3, இலங்கையின் பத்தலகொடை நிலையத்தில் பி.ஜி. 400-1 என்று எதிர்ப்பு ரகங்கள் வரிசையாக வந்தன. ரகத்தை மாற்றினால் போதும், மருந்தே வேண்டாம் என்ற நிலை சில ஆண்டுகள் உண்மையாகவே இருந்தது.

பிறகு 1980-களின் நடுவில் ஆந்திரத்தின் வடகடலோரத்தில் பல்குணாவிலேயே கொம்பு தோன்றியது. உருவத்தில் எந்த மாற்றமும் இல்லாத, ஆனால் அந்த எதிர்ப்பை மீறக் கற்ற ஓர் ஈ அங்கே பெருகியிருந்தது. இப்படி வேறுபடும் உயிர்வகைகள் இந்தியாவில் ஏழு அறியப்பட்டுள்ளன. நுண்ணோக்கியில் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. குறித்த சில நெல் ரகங்களை வரிசையாக நட்டு, எதில் கொம்பு வருகிறது, எதில் வரவில்லை என்று பார்த்தே அடையாளம் காண வேண்டும். பூச்சியை இனங்காணும் கருவியே நெற்பயிராக இருக்கிறது! ஒரு பெண் ஈயின் குஞ்சுகள் பெரும்பாலும் எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோ இருப்பதால் இந்த ஈயின் மரபியலை ஆராய்வதும் எளிதல்ல. நெல்லில் எதிர்ப்பு தரும் மரபணுக்கள் பத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒரே ரகத்தில் சேர்ப்பதே ஐதராபாத்தின் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலிய இடங்களில் இப்போது நடக்கும் முயற்சி.

ரகம் தோற்ற இடத்திலும் தோற்காத ஒரு துணை உண்டு. பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்பது எள்ளைவிடச் சிறிய கருங்குளவி. ஈயின் முட்டையைத் தேடி அதற்குள் தன் முட்டையை இடும். ஈயின் புழு எதுவும் நடக்காதது போலக் குருத்துக்குள் இறங்கும், கொம்பையும் எழுப்பும். குளவியின் ஒரே கரு உள்ளே பலவாகப் பிரிந்து பெருகும். முடிவில் புழுவின் தோல் முழுக்கக் குளவிக் குஞ்சுகள் அடைத்திருக்கும். கொம்பிலிருந்து ஈ வராது, குளவிக் கூட்டம் வரும். அந்தக் கொம்பு விழுந்த தூர் போனதுதான், ஆனால் அடுத்த தலைமுறை ஈ நின்றுவிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இதையே பயன்படுத்துகிறது: குளவி தாக்கிய கொம்புகளைச் சேகரித்து, நடவு செய்த பத்தாம் நாள், பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வயலில் வைப்பது. ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கொம்பு. கண்மூடித்தனமாகக் குருணை மருந்து போடும் வயலில் ஈயோடு சேர்ந்து இந்தக் குளவியும் போய்விடும்.

மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்கவும் ஓர் அளவு உண்டு. நூறு தூரில் பத்துக்கு மேல் கொம்பு இருந்தால் மட்டுமே பொருளாதாரச் சேதம் என்பது கணக்கு. அதற்குள் இருந்தால் பயிரை அதன் போக்கில் விடலாம். இரவில் விளக்குப் பொறி வைத்தால் ஈ வந்து விழும். எத்தனை விழுகிறது என்று பார்த்தால் கொம்பு தெரியும் முன்பே எச்சரிக்கை கிடைக்கும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து மேலுரமாக இடுவது, பொட்டாஷ் சேர்ப்பது, ஒரே ஏரியின் ஆயக்கட்டில் முடிந்தவரை ஒரே வாரத்தில் நடவை முடிப்பது ஆகியவையும் சொல்லப்படுகின்றன. முதல் இரண்டும் தனி உழவரால் முடியும். மூன்றாவதற்கு மதகு எந்த நாள் திறக்கும் என்று ஊர் கூடிப் பேச வேண்டும்.

அறுப்பு முடிந்த பின் ஈ எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அது வேறு ஊர் போவதில்லை. வயலில் நின்றுவிட்ட தாள் மறுபடி துளிர்க்கும்போது அந்தத் துளிரில் தங்கும். வாய்க்காலோரக் காட்டு நெல்லில் தங்கும். வரகில் கொம்பு எழுப்பும் ஓர்சியோலியா பாஸ்பலி வேறு இனம். அது நெல்லுக்கு வராது, ஆகவே அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தை முடிந்து சம்பா அறுத்த வயலை நவரைக்கு விடாமல் தரிசாகப் போடுபவர்கள் தாளை மடக்கி ஒரு சால் உழுதுவிடுவது, மறுதுளிரில் நெல்லின் ஈ தங்கிவிடாமல் இருக்கத்தான். உழாமல் விட்ட வயலில் மாசிப் பனியில் நடந்து பார்த்தால், அறுத்த தாளின் நடுவே விரலளவு உயர்ந்த மறுதாம்புத் துளிர்களில் ஒன்றிரண்டு வெளுத்துக் குழலாகத் தலைநீட்டியிருப்பதைக் காணலாம்.